ஊசிக்கு முன் ஒரு மணம்: தோல் கிளினிக்கில் பதற்றம் தணிக்க நறுமண எண்ணெயைப் பயன்படுத்தும் முறை

நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி, முடி உதிர்வுக்குப் பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்தைச் சுற்றிப் பிரித்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது), பருத் தழும்புக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலில் துளையிடுவது), கழுத்து மருவுக்குக் காட்டரி (சூட்டால் பொசுக்குவது), கனமான தோடு போட்டுப் போட்டுக் கிழிந்த காது மடலுக்குத் தையல். எல்லாமே அரை மணி, ஒரு மணி நேர வேலைகள். வந்தவர் முழு விழிப்போடு படுத்திருப்பார். கத்தரியைத் தட்டில் வைக்கும் சத்தம் முதல் எல்லாம் காதில் விழும். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், தானே விரும்பிப் பணம் கட்டி வந்தவர் என்பதால் பயத்தை வெளியே சொல்லவும் கூச்சப்படுவார். உள்ளங்கை ஈரமாக இருக்கும், தோள்பட்டை இறுகியிருக்கும், கேட்டால் "ஒண்ணும் இல்ல மேடம், நீங்க பண்ணுங்க" என்பார். இந்தப் பயத்தைத் தணிப்பதற்கு நறுமண எண்ணெய் நல்ல துணை. ஆனால் கொடுக்கும் விதம் தவறினால் தலைவலி, குமட்டல், அலர்ஜி என்று வேறு தொல்லைகள் வந்து சேரும்.

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். மணம் பதற்றத்துக்கு உதவும். வலிக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. வலிக்குத் தோலை மரக்கவைக்கும் நம்பிங் கிரீம், ஐஸ், லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து, மெல்லிய ஊசி, நிதானமான கை என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதையும் மணத்தைக் காட்டிக் குறைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஆரஞ்சு எண்ணெய் மணத்தைப் பரவவிட்டுச் சோதித்தார்கள். பெண்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. 2005-இல் அதே ஊரில் லாவெண்டரையும் சேர்த்துச் செய்த ஆய்வும் அதே திசையில்தான் முடிவு தந்தது. இரண்டிலும் பலன் தெரிந்தது நாற்காலியில் ஏறுவதற்கு முன்னால், காத்திருக்கும் நேரத்தில். நம் வேலைக்கும் அந்த நேரமே முக்கியம்.

மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகிறது. மூக்கின் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா பகுதிக்கு நேராகவே போகிறது. அதனால்தான் ஒரு மணம் சட்டென்று பழைய நினைவைக் கிளப்புகிறது. நல்ல நினைவாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். பல் டாக்டரிடம் கஷ்டப்பட்டவருக்குக் கிராம்பு எண்ணெய் வாசனையே நெஞ்சைப் படபடக்க வைக்கும். எனவே எல்லோருக்கும் பொதுவான ‘அமைதி தரும் எண்ணெய்’ என்று ஒன்று கிடையாது. வந்தவர் தானே தேர்ந்தெடுத்த மணம், அவர் கையிலேயே இருக்கும் மணம், வேண்டாம் என்றால் அந்த நொடியே விலக்கக்கூடிய மணம். இந்த மூன்றும் அமைந்தால்தான் பலன் உண்டு.

எந்த எண்ணெய் வாங்குவது

நம் ஊர் கிளினிக்குக்கு முதல் தேர்வு இனிப்பு ஆரஞ்சு, அதாவது சிட்ரஸ் சினென்சிஸ். பழத்தோலைப் பிழிந்து எடுப்பது. பழக்கமான மணம், பிடிக்கவில்லை என்பவர் குறைவு. பாட்டில் திறந்தபின் காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதுதான் இதில் உள்ள குறை.

லாவெண்டரில் உண்மையான லாவெண்டரான லவாண்டுலா ஆங்குஸ்டிஃபோலியாவை மட்டும் வாங்குங்கள். லினலூல், லினலைல் அசிடேட் இரண்டும் அதன் முக்கியச் சேர்மங்கள். லாவண்டின் என்ற கலப்பினமும், ஸ்பைக் லாவெண்டர் என்ற லவாண்டுலா லாட்டிஃபோலியாவும் விலை மலிவு. ஆனால் கற்பூர நெடி கூடுதல். பாட்டிலைத் திறந்தவுடன் தைலம் போல மூக்கில் ஏறினால் அது பெரும்பாலும் அந்த வகைதான். இன்னொன்றும் உண்டு. நம்மூரில் பலருக்கு லாவெண்டர் என்றால் ரூம் ஃப்ரெஷ்னரும் தரை துடைக்கும் திரவமும்தான் நினைவுக்கு வரும். "பாத்ரூம் வாசனை மாதிரி இருக்கே" என்று ஒருவர் முகம் சுளித்தால், ஆராய்ச்சி என்ன சொன்னாலும் அவருக்கு அது வேண்டாம்.

வெட்டிவேர் மூன்றாவது. கடலூர் கடலோர மணல் நிலத்தில் விளைவது. மண்பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்த பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எண்ணெய் மிகக் கெட்டியானது, மணமும் அழுத்தமானது. ஆரஞ்சு 4 சொட்டுக்கு வெட்டிவேர் 1 சொட்டு என்று கலந்தால் இதமாக இருக்கும், ஆரஞ்சின் மணமும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். எண்ணெயே இல்லாமல், காய்ந்த வேர் ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டி வரவேற்பு மேசை அருகே தொங்கவிட்டாலும் போதும். நனைத்த வேரை ஏ.சி. அறையில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

சந்தனம் நல்ல மணம்தான். ஆனால் மலிவாகச் ‘சந்தன எண்ணெய்’ என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை செயற்கை வாசனை. மல்லிகையை எண்ணெயாக வாங்கத் தேவையில்லை. கரைப்பான் கொண்டு எடுக்கும் அந்தச் சாறு விலையும் அதிகம், நெடியும் அதிகம். சிலருக்குத் தலைவலியே வரும். தலையில் மல்லிகைச் சரத்தோடு வருகிறவர் தனக்குப் பிடித்த மணத்தைத் தானே கொண்டு வந்திருக்கிறார். தலையில் ஊசி போடும் பி.ஆர்.பி. தவிர மற்றதற்குப் பூவைக் கழற்றச் சொல்லாமல், தொப்பிக்கு வெளியே ஓரமாக இருக்க விட முடிந்தால் விடுங்கள்.

வேண்டாதவை: கற்பூரம், யூகலிப்டஸ் இரண்டும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. நீலகிரித் தைலம் சளிக்குப் பழகிய வாசனை என்பதற்காகக் கிளினிக்கில் தெளிக்க வேண்டாம். கிராம்பு, இலவங்கப்பட்டை, லெமன்கிராஸ் மூன்றும் தோலை எரிக்கும். சாம்பிராணியும் ஊதுவத்தியும் புகை, ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. ரோஜா மணத்தோடு ஊதுவத்தியும் சேர்ந்தால் சிலருக்குச் சாவு வீடு நினைவுக்கு வரும் என்பதையும் மனதில் வையுங்கள். பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் புண்ணாகிக் கறுக்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கும் இதே குணம் ஓரளவு உண்டு. முகர மட்டும்தான் பயன்படுத்துகிறோம் என்றாலும் சொட்டுத் தவறி விழும் இடம் கிளினிக். நம்முடையதைப் போன்ற மாநிறத் தோலில் சின்ன எரிச்சல்கூட மாதக்கணக்கில் கரும்படலமாக நிற்கும். ஆபத்தான எண்ணெயை அலமாரியிலேயே வைக்காமல் இருப்பது மேல்.

பாட்டிலில் தாவரப் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். விற்பவரிடம் அந்தப் பேட்சுக்கான ஜி.சி.எம்.எஸ். பரிசோதனை அறிக்கையை, அதாவது எண்ணெயில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று காட்டும் தாளை, கேளுங்கள். ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்று எழுதியிருந்தால் அது சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆனது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். சுத்தமான ஆரஞ்சோ லாவெண்டரோ ஆவியாகி, பெரிதாகக் கறை வைக்காது. சமையல் எண்ணெய் போல வட்டம் நின்றால் கலப்படம். வெட்டிவேர், சந்தனம் இரண்டுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது; அவை இயல்பிலேயே கெட்டி.

நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டியவை

படுக்கையில் ஏறியபின் கேட்பது தாமதம். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் போன் பேச்சிலேயே இவற்றைக் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்: ஆஸ்துமா, வீசிங் உண்டா? வாசனையால் தூண்டப்படும் ஒற்றைத் தலைவலி உண்டா? வலிப்பு வந்ததுண்டா? சென்ட், டை, கிரீம் எதற்காவது அலர்ஜி உண்டா? கொரோனாவுக்குப் பிறகு வாசனை மாறித் தெரிகிறதா? கர்ப்பமா? பிடிக்காத வாசனை ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். அதற்கு வரும் பதில் ஏழு எண்ணெய் பாட்டில்களை விடப் பயன்படும்.

முதல் நான்கில் எதற்காவது ‘ஆம்’ என்றால் அவருக்கு எண்ணெய் கிடையாது. கர்ப்பிணிக்கு இப்படிப்பட்ட அழகுச் சிகிச்சைகளையே டாக்டர்கள் பெரும்பாலும் தள்ளிப் போடுவார்கள். கொரோனாவுக்குப் பின் நல்ல வாசனையும் நாற்றமாகத் தெரிகிறது என்பவரிடம் முயற்சியே வேண்டாம். எண்ணெய் ஆகாதவருக்கு அன்றைய முதல் நேரத்தை ஒதுக்குங்கள். முந்தின ஆளுக்குத் திறந்த எண்ணெயின் வாசனை ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் கழித்தும் நிற்கும், ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை.

எதில் கொடுப்பது

கிளினிக்குக்கு மிகப் பொருத்தமானது கையில் பிடிக்கும் இன்ஹேலர் குச்சி. மேல் மூடி, உள் குழாய், பஞ்சுத் திரி, அடி மூடி என்று நான்கே பாகம். செய்யும் முறை: சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் 8 முதல் 10 சொட்டு எண்ணெயை எண்ணி விடுங்கள். சாதாரணச் சொட்டு மூடியில் 20 சொட்டு சுமார் 1 மி.லி. வரும், எண்ணெய்க்கு எண்ணெய் கொஞ்சம் மாறும். பஞ்சுத் திரியை இடுக்கியால் பிடித்து அதில் உருட்டினால் அரை நிமிடத்தில் உறிஞ்சிக்கொள்ளும். குழாய்க்குள் நுழைத்து அடி மூடியைச் சொடக்குச் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒருமுறை அழுத்தினால் திறப்பது கடினம் என்பதால் அதற்கு முன் சரிபாருங்கள். வெளியே எண்ணெய் கசிந்திருந்தால் துடையுங்கள், இல்லாவிட்டால் மூக்கு நுனியில் பட்டு எரியும். பெயர், எண்ணெய், தேதி எழுதி ஒட்டுங்கள். ஒருவருக்கு ஒரு குச்சி. முடிந்ததும் அவரே வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

குச்சி கிடைக்காத இடத்தில் காஸ் துணி போதும். 5 செ.மீ. சதுரக் காஸில் 1 சொட்டு, மிஞ்சினால் 2. அதை ஸ்டீல் கிண்ணத்தில் போட்டு, நெஞ்சுக்கு மேலே, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நோயாளியே பிடித்துக்கொள்ளட்டும். காஸைக் காலரில் நேரடியாகக் குத்தினால் எண்ணெய் துணி வழியே கழுத்துத் தோலுக்குப் போகும். தெர்மாகோல் கப் வேண்டாம். ஆரஞ்சு எண்ணெயில் உள்ள லிமோனின் தெர்மாகோலைக் கரைத்துவிடும், பிசுபிசுப்பு கையில் ஒட்டும்.

தண்ணீரில் கலந்த எண்ணெயை நுண்துளியாகக் காற்றில் பரப்பும் டிஃப்யூசரைப் பற்றிப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். காத்திருப்பு அறையில் வைக்கலாம். சிகிச்சை அறையில் கூடவே கூடாது. நோயாளி ‘போதும்’ என்றாலும் காற்றில் கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்தவர் மேல் அது திணிக்கப்படுகிறது. நாள் முழுக்க அதே அறையில் நிற்கும் நர்ஸுக்குத் தலைவலி. அதோடு, நுண்துளியாகப் பறக்கும் எண்ணெய் ஸ்டெரைல் தட்டின் மேலும் லேசர் கருவியின் கண்ணாடி மேலும் படியும். லேசர் கண்ணாடியில் படலம் படிந்தால் அந்த இடம் சூடேறி எரியும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சின்னதல்ல. காத்திருப்பு அறையில் வைத்தால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 100 மி.லி. தண்ணீரில் 3 சொட்டு. 15 நிமிடம் ஓடவிட்டு 45 நிமிடம் நிறுத்துங்கள். மாலையில் தண்ணீரைக் கொட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, திறந்தே காயவிடுங்கள். நேற்றைய தண்ணீரில் கிருமி வளரும். காலையில் சுவிட்சைப் போட்டதும் அதைத்தான் அறை முழுக்கப் பரப்புவீர்கள்.

தோலில் தடவுவது, நெற்றிப் பொட்டில் வைத்துத் தேய்ப்பது, ஸ்பா போல மசாஜ் செய்வது எதுவும் சிகிச்சை நாளில் வேண்டாம். மைக்ரோநீட்லிங்குக்கு முன்னும் பின்னும் இது கண்டிப்பு. ஊசி போட்ட துளைகள் வழியே, மேல்தோலுக்கு மட்டும் ஏற்ற பொருள்கள் உள்ளே போனதால் தோலுக்கடியில் கட்டி கட்டியாக வீங்கிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அவை சாதாரண சீரம் வகையறா. நறுமண எண்ணெயோ அதைவிடக் காரமானது.

அன்றைய நாளின் வரிசை

நம்பிங் கிரீம் போட்டுக் காத்திருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. லிக்னோகெய்ன் 2.5 சதவீதமும் பிரிலோகெய்ன் 2.5 சதவீதமும் கலந்த கிரீம் நன்றாக வேலை செய்ய, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி சுமார் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலான கிளினிக்குகளில் அந்த ஒரு மணி நேரம் நோயாளி போனைப் பார்த்துக்கொண்டு பயத்தை வளர்த்துக்கொள்ளும் நேரமாகப் போகிறது.

கிரீம் போட்ட பத்தாவது நிமிடத்தில் மூன்று தாள் பட்டைகளோடு போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே சொட்டு. முகத்துக்கு நேரே நீட்டாமல் கையில் கொடுங்கள். "இந்த மூணுல எது பிடிச்சிருக்குன்னு பாருங்க மேடம். எதுவுமே பிடிக்கலைன்னாலும் சொல்லுங்க, வேற ஏற்பாடு இருக்கு." இரண்டாவது வாக்கியம் இல்லாமல் கேட்டால், மரியாதைக்காக ஏதோ ஒன்றைக் காட்டிவிடுவார்கள். பட்டைக்குப் பட்டை அரை நிமிட இடைவெளி விடுங்கள். கூடவே, "இப்ப எவ்வளவு பயமா இருக்கு, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு எண்ணை எழுதுங்கள்.

தேர்ந்தெடுத்த எண்ணெயில் குச்சி தயாரித்துக் கொடுத்தபின் மூச்சைச் சொல்லிக்கொடுங்கள். குச்சியை மூக்குக்கு ஒரு அங்குலம் கீழே பிடித்து, நாலு எண்ணி மூக்கால் மெல்ல இழுத்து, குச்சியை விலக்கி, ஆறு எண்ணி வாயால் விட வேண்டும். இப்படி ஐந்து நிமிடம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தணியும். உண்மையைச் சொன்னால், கிடைக்கும் அமைதியில் நல்ல பங்கு இந்த மூச்சுக்கே உரியது. மணம் அந்த மூச்சை விரும்பி இழுக்க வைக்கிறது. வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரக்கும்; அப்படிச் சொன்னால் குச்சியை வாங்கிவிட்டு இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மூடியைப் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். மூக்கு எந்த மணத்துக்கும் சில நிமிடங்களில் பழகி, அது இருப்பதையே மறந்துவிடும். "வாசனையே வரலையே" என்று அவர் சொன்னால், அதற்காகச் சொட்டைக் கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூக்கு மரத்திருக்கிறது, எண்ணெய் தீரவில்லை. அவருக்குத் தெரியாமலேயே அளவு இரண்டு மடங்காகிப் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். பதினைந்து நிமிட இடைவெளி விட்டால் அதே குச்சி மறுபடி மணக்கும்.

கிரீமைத் துடைத்து, தோலைச் சுத்தம் செய்து, டாக்டர் கையுறை போடும் நேரத்தில் மீண்டும் இரண்டு நிமிடம் கொடுங்கள். ஸ்பிரிட் நெடி அறையில் இருக்கும்போது கொடுத்தால் இரண்டும் குழம்பும். சுத்தம் செய்த இடம் முழுக்கக் காய்ந்த பிறகு கொடுப்பது நல்லது. காட்டரி என்றால் ஸ்பிரிட் காய்வது பாதுகாப்புக்கும் அவசியம்.

ஊசி நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆழமாக மூச்சு இழுக்கும்போது தலையும் நெற்றியும் லேசாக அசையும். புருவ நடுவில் போடாக்ஸ் போடும் நேரத்தில் அது ஆகாது. ஆகவே மூன்று நான்கு குத்துகளுக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு மூச்சு முகரவிட்டு, மெல்ல மூச்சை விடும் நேரத்தில் அடுத்த ஊசி போடும்படி டாக்டரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். மூக்கு, மேலுதடு பக்கம் வேலை என்றால் ஊசி தொடங்கியபின் குச்சிக்கு இடமில்லை. வேலை நடக்கும் இடத்துக்குள் நோயாளியின் கை வரக் கூடாது. குச்சி மூடியோடு அவர் கைக்குள் இருந்தாலே போதும், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தெம்பு இருக்கும்.

சிகிச்சைக்கு ஏற்ற மாற்றங்கள்

காது மடல் தையலுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். முகம் திறந்திருக்கும், வேலை பக்கவாட்டில் நடக்கும், நோயாளி கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எதிர்ப்பக்கக் கையில் குச்சியைக் கொடுங்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போடுவதாக இருந்தால் "ஊசி போட்டதும் ரெண்டு மூணு நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிக்கலாம், அது மருந்தோட வேலை, தானா அடங்கிடும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அதைத் தன் பயம் என்று நினைத்து இன்னும் பயப்படுவார், மணத்தின் மேல் பழி போடுவார்.

அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீலில் எரிச்சல் நேரம் சில நிமிடங்கள்தான். முகத்துக்கு விசிறியோ சின்ன ஃபேனோ காட்டுவது வழக்கம். அந்தக் காற்றில் எண்ணெய் ஆவி கண்ணுக்கும் போகும் என்பதால், பீல் முகத்தில் இருக்கும்போது எண்ணெயை மூடி வையுங்கள். அதற்கு முன்னால் மட்டும் கொடுங்கள்.

பி.ஆர்.பி.யில் இரண்டு பயம்: முதலில் கையில் ரத்தம் எடுப்பது, பிறகு தலையில் ஊசி. ரத்தம் எடுத்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றும் இடைவேளையில் பலர் அடுத்ததை நினைத்துத் துவண்டுபோவார்கள். மூச்சுப் பயிற்சியை அங்கே வையுங்கள்.

காட்டரியும் லேசரும் தீ சம்பந்தப்பட்டவை. ஆரஞ்சு எண்ணெய் 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பிடிக்கும் ஆவியைத் தரும். லாவெண்டருக்கு இன்னும் கொஞ்சம் மேலே. கருவியை ஆன் செய்வதற்கு முன் காஸ், பட்டை, பாட்டில் எல்லாம் அறையை விட்டே வெளியே போக வேண்டும். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் எண்ணெயே வேண்டாம். முடி நீக்கும் லேசரில் கருகும் முடியின் நாற்றத்தை மறைக்க எண்ணெய் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அதை உறிஞ்சும் கருவிதான் வேண்டும், வாசனை அதற்கு மாற்றாகாது. மேலும் கருகல் வாசனை திடீரென்று மாறுவது இயக்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. அதை மூடி மறைக்கக் கூடாது.

தவறிப்போனால்

தலைவலியோ குமட்டலோ வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். எண்ணெயை அறைக்கு வெளியே கொண்டுபோய், கதவைத் திறந்து, தண்ணீர் கொடுங்கள். குமட்டல் நிற்கவில்லை என்றால், உறையிட்டு வரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பான் ஒன்றைப் பிரித்து, மூக்குக்கு ஒரு அங்குலம் கீழே பிடித்து மூன்று நான்கு முறை மூக்கால் இழுக்கச் சொல்லலாம். அவசரப் பிரிவுகளில் சோதித்து நல்ல பலன் கண்ட வழி இது. பாட்டிலில் வரும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் வேறு சேர்மங்கள் உண்டு. காட்டரி நடக்கும் அறையில் இதையும் செய்யாதீர்கள்.

இருமலோ மூச்சு இழுப்போ தொடங்கினால் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்பதே கிடையாது. உடனே வெளிக்காற்று, உட்கார்ந்த நிலை, டாக்டர். எண்ணெய் தோலில் சிந்தினால் முதலில் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய் போகாது. கண்ணில் பட்டால் சலைனோ சுத்தமான தண்ணீரோ விட்டு 15 நிமிடம் விடாமல் கழுவி, கண் டாக்டரிடம் அனுப்புங்கள்.

கொட்டாவி, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, "காது அடைக்குது" என்ற சொல். இவை மயக்கத்துக்கு முன்னறிவிப்பு. நாடித் துடிப்பும் குறையும். ஊசியை எடுத்துவிட்டுப் படுக்கையைச் சமமாக்கி, காலை உயர்த்துங்கள். எண்ணெயை மூக்கில் காட்டித் தெளிய வைக்கும் முயற்சி வேண்டாம். மயக்கத்தை மணம் தடுப்பதில்லை. முன்பு ஊசியில் மயங்கியவர் என்றால் தொடக்கத்திலிருந்தே படுக்க வைத்துச் செய்யுங்கள், கால் தசைகளை இறுக்கி இறுக்கி விடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. நோயாளியின் முறையீடு ஒவ்வொன்றையும் பதற்றம் என்று நினைத்து "மூச்சு இழுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிடும் ஆபத்து. ஃபில்லர் (தோலுக்கடியில் நிரப்பும் ஜெல் ஊசி) போடும்போது திடீர்க் கடும் வலி, தோல் வெள்ளையாகவோ வலைபோல நீலமாகவோ மாறுவது, பார்வை மங்குவது ஆகியவை ரத்தக்குழாய் அடைபட்டதன் அறிகுறி, நிமிடங்கள் முக்கியம். லிக்னோகெய்ன் அதிகமானால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் உலோகச் சுவை வரும், காதில் இரைச்சல் கேட்கும், ஆள் நிலைகொள்ளாமல் பேசுவார். பார்ப்பதற்குப் பயந்தவர் போலவே இருக்கும். அமைதியாக இருந்தவர் திடீரென்று அமைதி இழந்தால் குச்சியை நீட்டாதீர்கள். டாக்டரின் கையை நிறுத்துங்கள்.

பராமரிப்பும் பதிவும்

எண்ணெயைச் சிறிய அம்பர் பாட்டிலில், 5 அல்லது 10 மி.லி. அளவில் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஊசி மருந்து வைக்கும் பெட்டியில் வேண்டாம். திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஆரஞ்சை ஆறு மாதத்திலும் லாவெண்டரை ஒரு வருடத்திலும் கழித்துவிடுவது நல்லது. லிமோனின், லினலூல் இரண்டுமே காற்றோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடாக மாறும்; புதிய எண்ணெயைவிட அதற்குத்தான் தோல் அலர்ஜி அதிகம். அந்த அலர்ஜி முதலில் வருவது தினமும் தொடும் ஊழியருக்கு. எனவே எண்ணெய் ஊற்றும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். ரப்பர் குமிழ் உள்ள டிராப்பரை பாட்டிலிலேயே விட்டுவைத்தால் ரப்பர் இளகி எண்ணெயில் கலக்கும்; சொட்டுச் செருகி உள்ள மூடிதான் சரி.

முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று மறுபடி கேட்டு, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணெயின் பெயர், சொட்டு, எவ்வளவு நேரம், ஏதாவது தொந்தரவு என்பதும் அதே வரியில் வரட்டும். மைக்ரோநீட்லிங்கும் பி.ஆர்.பி.யும் பல சிட்டிங் தேவைப்படுபவை. முதல் சிட்டிங் இதமாகப் போனவருக்கு அடுத்த முறையும் அதே மணத்தையே கொடுங்கள். குச்சியை வீட்டுக்கு எடுத்துப் போனவர் இரவு தூங்கும் முன் அதே மூச்சுப் பயிற்சியைச் செய்து பழகியிருந்தால் இன்னும் நல்லது. முதல் சிட்டிங்கில் வலி அதிகமாக இருந்தவருக்கோ மயங்கியவருக்கோ அந்த மணம் இனி அந்த வலியோடு சேர்ந்துவிட்டிருக்கும். அவரிடம் பழைய குச்சியைத் திரும்பக் கொடுக்காமல், மூன்று பட்டைகளோடு மறுபடி முதலிலிருந்து கேளுங்கள், பழைய எண்ணெய் அந்த மூன்றில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.